கால் சுற்று

வீட்டில் மிக்ஸி ஓடும்போது நான் வாசலுக்கு வந்து நின்றுகொள்வேன். சட்னி அரைத்து முடியும்வரை உள்ளே போக மாட்டேன். என் மனைவி ஆரம்பத்தில் கேலி செய்தாள். பிறகு, "அரைக்கப் போறனுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடப் பழகிக்கொண்டாள். சிலருக்குக் காது அப்படி அமைந்துவிடுகிறது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் புகாரில் ஒரு தப்பு இருக்கிறது. என் தங்கை செல்வப்பிரியா, தன் புருஷன் தங்கதுரைக்குக் கழுத்தில் ஆபரேஷன் செய்த டாக்டர் மேல் கொடுத்த புகார் அது. எழுதிக் கொடுத்தது நான்தான். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான். "தேவையில்லாத ஆபரேஷனை டாக்டர் செய்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறேன். தேவையில்லாதது என்பது சரி. ஆனால் டாக்டருக்கு அது தெரிய வழியே இல்லை. சுருதி விலகிய ஒன்றை அப்படியே விட்டுவைக்க எனக்கு வராது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பூபதிராஜா. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் கிளார்க். மற்ற நேரத்தில் கானமேளா, மேடைப் பாட்டுக் கச்சேரி. குழு என்னுடையது, கீபோர்டும் நான்தான். எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் பாதி மலையாளப் பாட்டு, அந்தப் பக்கம் போனால் முழுக்கத் தமிழ். பயிற்சியெல்லாம் என் வீட்டு மாடி அறையில். வாத்தியங்களும் அங்கேயே இருக்கும். துடைத்து, சுருதி சேர்த்து வைப்பது என் பொறுப்பு.

தங்கதுரை குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தான். மூன்று ஏக்கர் நெல், கொஞ்சம் தென்னை, மீதி நேரம் அந்தக் கிட்டார். யாரிடமும் கற்றுக்கொண்டவன் இல்லை, கேட்டுக் கேட்டே வாசிப்பவன். கோயமுத்தூரில் பழையதாக ஒன்று வாங்கி வந்தான். அதில்தான் வினை ஆரம்பித்தது.

விஷயம் சின்னதுதான். அந்த வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும், ஃபிரெட் என்பார்கள். கம்பிகள் அவற்றுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுப் போக வேண்டும். இவன் வாங்கியதில் கம்பிகள் பட்டை மேல் ஏறிப் படுத்துக் கிடந்தன. அப்படி இருந்தால் அழுத்துவது சுலபம், விரலை வைத்தாலே போதும். ஆனால் ஒவ்வொரு சுரத்திலும் கம்பி பட்டையில் உரசி ஜிர்ர் என்று இரையும். சளி கட்டிய தொண்டையில் மூச்சு போய் வருவது மாதிரி. சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. அடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு குட்டித் திருகுகள் உண்டு. ஆலன் கீயால் திருகினால் கம்பி மேலே ஏறும். இரைச்சல் நிற்கும், அழுத்தத்தான் விரலுக்குக் கூடுதல் பலம் வேண்டும்.

"சரிபண்ணித் தரட்டுமா மாப்ள?" என்று வாங்கிய அன்றே கேட்டேன்.

"வேண்டாமுங்க மச்சான். அந்த ஜிர்ருதானுங்க சொகமே" என்றான்.

அவன் அதை அனுபவித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்வான். வாய் தானாகத் திறந்துகொள்ளும். இரைச்சல் அதிகமாக வரும் இடத்தில் குனிந்து, கிட்டாரின் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மேல் கொம்பில் பல்லைப் பதித்துக்கொள்வான். அதிர்வு தாடை வழியாக மண்டைக்குள் ஏறுமாம். வாசித்து முடித்துவிட்டு அவன் போன பிறகு பார்த்தால் பல் பட்ட இடத்தில் எச்சில் பிசுபிசுவென்று இருக்கும். அதைத் துடைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், மூச்சை அடக்கிக்கொண்டு, மூன்று வருஷம் துடைத்தேன். சில நாள் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தைப் பார்க்கவே குமட்டும்.

ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோயில் நோம்பியில் சில இளவட்டங்கள் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "பேஸைக் கூட்டுங்க, கீபோர்டைக் கொறைங்க" என்று கத்தினார்கள். டிரம்ஸ் வாசிக்கும் அருள்குமார் சிரித்தான். நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆளில்லை. பிப்ரவரி பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எட்டாவது பாட்டு.

மே மாதக் கடைசியில் தேங்காய் மூட்டை தூக்கும்போது அவனுக்குக் கழுத்தில் பிடித்துக்கொண்டது. இடது கை விரல்கள் மரத்துப்போயின. பாலக்காட்டுக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் விலகி நரம்பில் படுகிறது என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். பல பேருக்கு இது தானாகவே அடங்கிவிடும், ஆபரேஷனில் ஆபத்து உண்டு, அவசரப்பட வேண்டாம் என்றார். நல்ல மனிதர். பேச்சுவாக்கில் இவன் கிட்டார் வாசிப்பவன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப டெஸ்ட் உங்க கையிலயே இருக்கே. தினமும் வாசிங்க. இன்னைக்கு அழுத்த முடியற கம்பியை மூணு மாசம் கழிச்சும் அழுத்த முடிஞ்சா, ஒண்ணும் செய்ய வேண்டாம். முடியலைன்னா நரம்பு கெட்டுட்டு வருதுன்னு அர்த்தம். அப்ப வெட்டித்தான் ஆகணும்."

திரும்பி வரும்போது தங்கதுரை சந்தோஷமாக இருந்தான். விரல்களைத் தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தான். "வாசிக்கறதுல ஒண்ணும் கொறையலீங்க மச்சான். அது போதுமுங்க. கை போச்சுன்னா நான் என்னத்துக்கு ஆவேன், சொல்லுங்க" என்றான். செல்வப்பிரியா பின்சீட்டில் உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

அந்த வாரப் புதன்கிழமை நான் மாடிக்குப் போய் ஆலன் கீயை எடுத்தேன்.

நான்கு கம்பிகள், எட்டுத் திருகுகள், ஒவ்வொன்றும் கால் சுற்று. நல்ல வாத்தியம் எப்படி இருக்க வேண்டுமோ அந்த நிலைக்குக் கொண்டுபோகும் முதல் படி, அவ்வளவுதான். கண்ணால் பார்த்தால் தெரியாது. சுருதியைத் திரும்பச் சேர்த்து, இடத்தில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை இன்னொரு கால் சுற்று. அதன் பிறகு வாரத்தில் அந்த இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டேன்.

அவன் ஒரு ஸ்கூல் நோட்டு வாங்கி, தினமும் எத்தனை பாட்டு வாசிக்க முடிந்தது என்று எழுதிவந்தான். ஜூன் கடைசியில் பதினைந்து. ஜூலை பாதியில் பதினொன்று. ஆகஸ்டில் நான்கு பாட்டுக்கு மேல் போனால் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். விரல் நுனிகளில் கம்பி பதிந்து கன்றிப்போயிருக்கும். அருள்குமார்கூட, "அண்ணா, இப்பத்தான் பேஸ் சுத்தமா கேக்குது" என்றான். உண்மைதான். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஒருநாள் தங்கதுரை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தான்.

"மச்சான், அந்த ஜிர்ரு வரமாட்டீங்குதுங்க."

"வெரல்ல பலம் இருந்தாத்தான மாப்ள அது வரும்" என்றேன்.

அவன் அதை நம்பினான். ஆலன் கீயை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. செட்டிங் எல்லாம் மச்சான் பார்த்துக்கொள்வார் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்பவன். கொம்பில் பல்லை வைத்துப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. அழ ஆரம்பித்தான். மூக்கு ஒழுகி மேலுதடு வரைக்கும் வந்தது, துடைக்கக்கூட இல்லை. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

செப்டம்பரில் மறுபடியும் டாக்டரிடம் போனோம். அவர் இவனைத் தன் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். முன்னைப் போலத்தான் இருக்கிறது, பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று யோசித்தார். இவன் நோட்டை நீட்டினான். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க தினமும் கேக்கறவரு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"குறைஞ்சிருக்குங்க டாக்டர்" என்றேன். வாசிப்பு குறைந்திருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் மத்தியானம் செல்வப்பிரியா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். மாடியில் கிட்டார் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏனுங்ணா, ஊட்டுல தண்ணிக் கொடத்த அந்தக் கையிலதான் தூக்கறாரு. சட்டைப் பித்தான் போடறாரு. இதுல மட்டும் முடியலீங்கறாரு. கிட்டார்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமாங்ணா?"

என் தங்கை பத்தாவதுதான் படித்தவள். கெட்டிக்காரி. அவள் கேட்டதற்கு நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அன்று சாயங்காலம் தங்கதுரை பதினைந்து பாட்டு வாசித்திருப்பான். நான் ஒரு ஸ்கேலை எடுத்துக் கம்பிக்கு அடியில் வைத்துக் காட்டினேன். "வாங்குன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்குது சாமி" என்றேன். அவள் ஸ்கேலில் இருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.

இந்த ஆபரேஷனில் நூற்றில் ஒருவருக்குக் கை விழுந்துபோகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த ஒருவன் இவனாகிவிட்டான். இடது கை தோளிலிருந்து தொங்குகிறது. செல்வப்பிரியா அதை ஒரு துண்டில் கட்டிவிடுகிறாள், குளிப்பாட்டும்போது அவிழ்க்கிறாள். வயலைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. கிட்டாரை அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். போன வாரம் நான் போயிருந்தபோது வலது கையால் வெறும் கம்பியைத் தட்டிக்கொண்டு, கொம்பில் பல்லை வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். எச்சில் தலையணைவரை வழிந்திருந்தது. துடைக்க அங்கே ஸ்பிரிட் இல்லை. நான் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சத்தம் பிடிக்காமல் செய்ததுதானா, அவ்வளவுதானா என்று நீங்கள் இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆலன் கீ மூன்று வருஷமாக என்னிடம்தான் இருந்தது. அவன் வேண்டாம் என்று சொன்னதும் நான் எடுக்கவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எடுத்தேன். கம்பி ஏறினால் கத்தி வரும் என்று காரிலேயே எனக்குத் தெரியும். சத்தத்தைச் சரிசெய்தால் அவன் கண்டுபிடித்து யாரையாவது வைத்து மறுபடியும் இறக்கிக்கொள்வான். கை இல்லாவிட்டால் இறக்கச் சொல்ல ஆளில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மொத்தமாக ஏற்றியிருக்கலாம், அடுத்த நாளே என் காதுக்கு நிம்மதி கிடைத்திருக்கும். நான் கால் கால் சுற்றாக மூன்று மாதம் அந்த அசிங்கத்தைக் கேட்டுக்கொண்டே திருகினேன். வேறு யாராக இருந்தாலும் அவ்வளவு பொறுத்திருக்க மாட்டேன். என் தங்கை புருஷனாயிற்றே.