அகராதிப்படி சரிதான்

என் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இருக்காது. படையில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவன். சின்ன காஞ்சிபுரத்தில் எந்த முன்னாள் படைவீரர் வீட்டுக் காகிதமானாலும், "காசிநாதன் கிட்ட குடுத்துடு, திரும்பி வராது" என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். நீங்கள் விசாரிக்கிற அந்தக் கடிதத்தில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு, ஓரிக்கையில் பாலாற்றங்கரையில் படையில் சேர விரும்பும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். ஓட்டம், தாண்டுதல், எழுத்துத் தேர்வு எல்லாம். எங்கள் தெரு முழுக்கத் தறி வீடுகள். "பொம்பளைப் புள்ளைங்கள ஓட வுட்டுக்கினு இருக்கான்பா" என்று சிரித்தார்கள். என்னிடம் பயின்ற மாகறல் ஊர்ப் பெண் ஏஞ்சல் தேர்வானதும் அந்தச் சிரிப்பு நின்றது. அவள் அப்பா டேனியல் எலக்ட்ரீஷியன். சீருடையில் அவள் எடுத்துக்கொண்ட படத்தை ஃப்ளெக்ஸ் அடித்து மைதான வாசலில் கட்டினேன். அந்த வருஷம் முப்பத்தோரு பெண்கள் சேர்ந்தார்கள். ஏஞ்சல் அக்கா மாதிரி ஆகணும் என்றுதான் எல்லாரும் வந்தார்கள்.

முதல் லீவில் வந்தபோது ஏஞ்சல் என் வீட்டுக்கு வந்தாள். காலைப் பதினொரு மணி இருக்கும். என் மகள் துர்காதேவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. துர்காவுக்கும் படையில் சேர ஆசை இருந்தது. உள்வளைவு இல்லாத தட்டைப் பாதம் என்பதால் முடியவில்லை. இப்போது காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கிறாள்.

துர்கா உள்ளே போகும்வரை ஏஞ்சல் காத்திருந்தாள். பிறகு மடித்த தாளை மேஜையில் வைத்தாள்.

"மாஸ்டர், வாயால சொல்ல முடியல. எழுதிக்கினு வந்துருக்கேன். இத இங்கிலீஷ்ல போட்டுக் குடுங்க. மேல அனுப்பணும்."

தமிழில் ஒன்றரைப் பக்கம். முகாமில் மேலதிகாரியான சுபேதார் சரக்கு எடுத்துவைக்க ஸ்டோருக்கு வரச் சொன்னார். கையைப் பிடித்து இழுத்தார். என்னைக் கெடுத்துட்டார். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்றார். அவ்வளவுதான். நம் ஊர்ப் பெண் அதற்கு மேல் எழுத மாட்டாள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும், படிக்கிறவனுக்குப் புரியும் என்று நினைத்துவிடுவாள்.

அந்தச் சுபேதாரை எனக்குத் தெரியாது. நட்பு, கைம்மாறு எதுவும் இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் நினைத்ததெல்லாம் அந்த முப்பத்தோரு பெண்களைத்தான். விஷயம் வெளியே வந்தால் மறுநாளே எல்லா அப்பனும் மகளை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏஞ்சலையும் நினைத்தேன். முள்ளில் சேலை விழுந்தாலும் சேலையில் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான் என்பார்கள். சேலை நெய்கிற ஊர்க்காரன், எனக்குத் தெரியாதா?

ஒரு புகாரில் எந்தச் சொல் இருந்தால் அது மேலே போகும், எந்தச் சொல் இருந்தால் கீழேயே தங்கும் என்று கிளார்க்குக்குத்தான் தெரியும். ஒரு பொய்யும் எழுதாமல் அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்தேன். ஸ்டோருக்கு அழைத்தார். கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். 'ஹி ஹேஸ் ஸ்பாயில்ட் மீ.' வெளியே தெரிந்தால் என் வேலைக்குச் சிக்கல் வரும் என்று சொல்லியிருக்கிறார்.

கெடுப்பது என்றால் ஸ்பாயில். எந்த அகராதியையும் எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் நூலுக்குத்தான் வரும். சாயக்காரர் பட்டைக் கெடுத்துட்டார் என்பார் என் அப்பா. வெள்ளைக்காரன் அதே சொல்லைச் செல்லம் கொடுப்பதற்கும் வைத்திருக்கிறான் என்றால் அது அவன் பாஷையின் கோளாறு.

ஏஞ்சல் தாளை வாங்கி விரல் வைத்துப் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அந்த இடத்தில் விரல் நின்றது.

"ஸ்பாயில்னா கெடுக்கறதுதான மாஸ்டர்?"

"ஆமாம்மா."

கையெழுத்துப் போட்டாள். போகும்போது குனிந்து என் காலைத் தொட்டாள். அவர்கள் வீட்டில் அப்படி வழக்கமில்லை. எங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பார்த்துச் செய்தாள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கீழே உள்ளவர்களுக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்க வேண்டாம் என்று சுபேதாருக்கு வாய்மொழியாக அறிவுறுத்தப்பட்டதாம். புகார் முடிந்ததாம். ஏஞ்சல் அதே முகாமில், அதே ஸ்டோரில், அதே சுபேதாரின் கீழ் பணியில் தொடர்ந்தாள். பதினொரு மாதம்.

இடையில் ஒருமுறை போன் செய்தாள்.

"மாஸ்டர், அவங்க என்னப் பாத்து சிரிக்கிறாங்க. லெட்டர்ல என்னா இருந்துது?"

"நீ எழுதினதுதான்மா இருந்துது. பொறுமையா இரு. பாதியில ஓடியாந்தா கேஸ் போடுவாங்க."

அதன்பின் அவள் போன் செய்யவில்லை. சமாளித்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் மருத்துவக் காரணம் எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டேனியல் என்னிடம் வந்து, "புள்ள பேச மாட்டேங்குது மாஸ்டர். சாப்பிட மாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்கும்" என்று அழுதார். போகிறேன் என்றேன். போகவில்லை.

அவள்தான் வந்தாள். தினமும் விடிந்ததும் மைதானத்தில், தன் படம் போட்ட ஃப்ளெக்ஸுக்குக் கீழே, ஓட்டக் காலணியோடு உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்ப்பதில்லை. ஓடுகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் போனதும் எழுந்து போய்விடுவாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு ஃப்ளெக்ஸைக் கழற்றினேன். வெறும் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்தாள்.

அந்தச் சொல்லும் அப்போதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பால்காரி பொன்னியம்மாள், "நேத்துப் பால் கெட்டுப்போச்சா சார்?" என்பாள். பாத்திரத்தை நீட்டாமலே கதவைச் சாத்திவிடுவேன். தறியிலிருந்து தம்பி, "இந்தப் பாவு நூலைக் கெடுத்துட்டான்" என்று கத்துவான். தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருப்பேன். ஒரு நாளில் அந்தச் சொல்லை நம் ஜனங்கள் எத்தனை முறை சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, மேடம். எனக்குத் தெரியும்.

நேற்று நீங்கள் விசாரணைக்கு வந்தீர்கள். ஏஞ்சல் தன் தமிழ்க் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாளாம். அதன் அச்சுப்படியையும் என் ஆங்கிலத் தாளையும் அருகருகே வைத்தீர்கள். தமிழ் தெரிந்த அதிகாரி இதைப் படிப்பது இதுதான் முதல் தடவை என்றீர்கள். மொழிபெயர்ப்பில் குற்றம் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். நீங்கள் இரண்டு தாள்களையும் எடுத்துக் கோப்பில் வைத்தீர்கள். எழுந்து போகும்போது, துர்கா தெருவில் சைக்கிளை மிதித்து வருவதைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ண ஏன் சேர்க்கல?" என்று மட்டும் கேட்டீர்கள்.

தட்டைப் பாதம் என்றேன். துர்காவும் அதையேதான் சொல்வாள். இன்றுவரை நம்புகிறாள். வாக்குமூலம் என்று எழுத உட்கார்ந்த பிறகு அதை மறைப்பது சரியில்லை.

நான்கு வருஷத்துக்கு முன், ஏஞ்சல் தேர்வாவதற்கும் முன், துர்கா பாதத்தை நனைத்துக்கொண்டு வந்து சிமென்ட் தரையில் வைத்தாள். "பாருப்பா, செலக்ட் ஆவேனா?" என்றாள். தடம் நல்ல வளைவோடுதான் விழுந்தது. அது காய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைம்மா, எடுக்க மாட்டாங்க என்றேன். மறுநாள் காலை மைதானத்துக்குப் போய், மற்ற பெண்களின் பாதங்களைப் பார்த்து, சரி, சரி என்று ஒவ்வொருத்தியையும் அனுப்பினேன்.

துர்கா என் மகள், மேடம். அங்கே கெடுத்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.