மாப்பிள்ளைக்குப் போகாத கடிதம்

மகள் போட்டுக் கொடுத்தால்தான் எனக்குத் தேநீர் தேநீராக இருக்கும். விசாரணைக்கு இது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம், ஐயா. எனக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது.

பங்குத் தரகு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எனக்கு ஒரே மேசை. ஒரு நிறுவனம் தன் பங்குகளில் மாற்றம் செய்தால், வாடிக்கையாளர்களுக்கு விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டியவன் நான். ஒன்றுகூடத் தவறியதில்லை, மாப்பிள்ளையுடையதைத் தவிர.

அவரிடம் நானூறு ஆப்ஷன் ஒப்பந்தங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நூறு பங்கை, ஒரு பங்கு இரண்டு என்ற விலையில், வாங்கும் உரிமை. பங்கு விலையோ ஒன்றுக்கும் கீழே விழுந்து கிடந்தது. நிறுவனம் பத்துப் பழைய பங்கை ஒரு புதுப் பங்காகச் சுருக்கியது. மறுநாள் திரையில் விலை ஒன்பது. பத்துக் கந்தலைச் சேர்த்துத் தைத்தால் பட்டாகிவிடுமா? கடிதம் அதைத்தான் சொன்னது: ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் கட்ட வேண்டியது அதே இருநூறு, கைக்கு வருவது நூறு பங்கு அல்ல, பத்து. தொண்ணூறு பெறும் பொருளுக்கு இருநூறு. சும்மா விட்டிருந்தால் ஒப்பந்தம் தானாகக் காலாவதியாகியிருக்கும், கைப்பணம் போயிருக்காது.

மகளும் அவரும் வெளிநாடு போக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எண்பதாயிரம் சேர்த்திருந்தார்கள். அடுத்த மாதம் பயணம். மனைவி காலமான பின் எனக்கு மகள் ஒருத்திதான். ஒற்றை ஆளுக்கு உலை வைக்கும் வீட்டை நினைத்து நான் பயந்துபோனேன். அவருடைய கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

பணத்தைக் கட்டச் சொன்னது நான் இல்லை. அவரே வந்து கேட்டார்.

"ஒம்பதுக்கு விக்கிறதை ரெண்டுக்குத் தர்றாங்களே, மாமா. ஏதோ இடிக்குது. சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்கிடட்டுமா?"

"கணக்குல உங்களை மிஞ்ச இந்த வீட்டுல யாரு இருக்கா, மாப்பிள்ளை?"

பாவம், முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமானதிலிருந்து நான் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மூன்றரை லட்சம் தேறும் என்று எண்பதாயிரத்தையும் கட்டினார். முப்பத்தாறாயிரம் பெறும் பங்குகள் வந்தன. விலை ஏறும் என்று காத்திருந்தார், அதுவும் கரைந்தது. பயணத்துக்காக இருவரும் வேலையை விட்டிருந்தார்கள், வாடகை வீட்டையும் காலி செய்திருந்தார்கள். நல்லவேளை, நான் மாடியறைக்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். ஆமாம், முன்கூட்டியேதான். கடிதத்தைப் பூட்டி வைத்த அதே வாரம்.

மாப்பிள்ளை இப்போது அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை. மகள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

தெரியும் என்றேன். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லலாமா? இரண்டு மாதமாக அவள் என்னிடம் வாய் திறக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் அப்படித்தான்.

அவர்களை நான் அடைத்து வைத்திருப்பதாகப் புகாரில் இருக்கிறதாம். வாசல் கதவை நான் பகலில் தாழிடுவதுகூட இல்லை. வேண்டுமானால் அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள், ஐயா. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அப்போதுதான் பயமில்லாமல் பேசுவாள்.