விளம்பரம் வரட்டும் என்றோம்

மாலையைக் கழற்ற மனமில்லாமல், கழுத்து அரிப்பையும் தாங்க முடியாமல் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் அண்ணன் கோவிந்தராசு அவர்களே! குடவாசல் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுக் குத்தகைக்காரனுக்குத் துணையாக வந்திருக்கும் பாய் அப்துல் ஹமீது அவர்களே! பெரியோர்களே! நாற்றுமுடி பிடித்த கையால் நாட்டுக்கே சோறு போட்ட தாய்மார்களே! ஏழரை மணி நாடகம் போய்விடுமே என்று நெளிகிற தம்பிமார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நிலம் கேட்டோம், நீர் கேட்டோம். ஆண்டவர்கள் தந்தது என்ன? கலர் டிவி! வேண்டாம் என்றோமா? பூப்போட்டுப் பொட்டு வைத்தல்லவா வாங்கினோம்! கைதட்டாதீர்கள் ஐயா, இது கைதட்டுகிற இடமில்லை. டிவி எல்லார் வீட்டிலும் உண்டு, கேபிள் மட்டும் அதோ உட்கார்ந்திருக்கிறாளே அம்சம், அவள் வீட்டில்தான். போன வெள்ளிக்கிழமை தெருவே அங்கேதான் கிடந்தது.

என்ன நாடகம்? சிரிப்பு நாடகம். அப்பனுக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்காரன் வெளியே போ என்கிறான். அந்தக் குடும்பம் என்ன செய்தது? ஒரு குண்டான் கஞ்சியைப் பங்கு போட்டுக் குடித்தது. மாமியாரை மருமகள் கேலி செய்தாள், மருமகளை மாமியார் கேலி செய்தாள். பூட்டோடு வந்தவன் முன்னால் அத்தனை பேரும் வாசற்படியில் கைகோத்து நின்றார்கள். நாம் சிரித்தோம், அழுதோம், "இதுல்லவாடி குடும்பம்!" என்று மூக்கைச் சிந்தினோம்.

அப்போது பண்ணையார் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற தங்கையனின் பெண்சாதி கண்ணாத்தாள் தலையைத் தூக்கினாள்.

"யக்கா, நம்ம வயல் பக்கம் மிஷின் சத்தம் கேக்குதே?"

"பண்ணை வயலா இருக்கும்டி, குந்து."

"இல்லக்கா, மனசு கெடந்து அடிச்சுக்குது."

"செத்த இருடி. விளம்பரம் வரட்டும், எல்லாருமாப் போயிப் பாப்போம்."

விளம்பரம் வந்தது. போனோம். பண்ணையாரின் அறுப்பு மிஷின் தங்கையன் வயலைச் சிரைத்துவிட்டு ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நெல்லும் போயிற்று. மறுநாள் முதல் அறுப்புக்காகக் குங்குமம் வைத்திருந்த அரிவாளோடு ஓடிவந்து அறுத்த தாளில் நின்றாளே கண்ணாத்தாள், அந்த முகத்தை எந்த டிவி காட்டியது?

விசாரிக்க வந்த அதிகாரி கேட்டார்: "அறுத்தது யாரு?"

"பண்ணை ஆளுங்க."

"அப்ப சாகுபடி பண்ணது பண்ணைதானே?"

உழுதவன் நாம், நட்டவள் நாம், களை பறித்தவள் நாம். அறுத்தவன் மட்டும் அவன்! மூன்று தலைமுறைக் குத்தகை முடிந்தது. அந்த நாடகக் குடும்பம் சேர்ந்து நின்றது, பிழைத்தது. நாம் சேர்ந்து உட்கார்ந்தோம்.

பண்ணையாரின் அடுத்த குறி நம் இராஜாங்கத்தின் குத்தகை வயல். நாளைக்கு ராத்திரி ஏழரைக்கு மிஷின் வரும். நமக்கு நாடகம் தெரிகிற நேரம் அவர்களுக்கும் தெரியும்! என்ன அம்சம், முனகுகிறாய்? அந்தக் குடும்பத்துக்கு அடுத்து என்ன ஆகுமோ என்றா? அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், தாயே. அவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. இராஜாங்கத்துக்கு யார் இருக்கிறார்கள்?

பொழுது விடியும்போது கூலி பேசாமல் எல்லோரும் அந்த வயலில் இறங்குவோம். கண்ணாத்தாளின் அரிவாளில் குங்குமம் இன்னும் அழியவில்லை. முதல் பிடியை அவள் அறுக்கட்டும். ஏழரைக்கு மிஷின் வந்தால் வெறுந்தாளைப் பார்க்கட்டும், வரப்பில் கைகோத்து நிற்கிற நம்மைப் பார்க்கட்டும்!

ஒருவரும் எழுந்து போகாமல் கேட்டீர்கள், நன்றி. கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாளைக்கு அரிவாள் பிடித்த கையால் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள், வணக்கம்!