அரை மார்க்கு

— மொதல்ல சாப்டு நைனா. பொழுது ராஜகிரி மல மேல வந்து நிக்குது, இன்னும் அரை மணி நேரம் இருந்தா பெருசு. சேதி எங்கியும் ஓடிப்போயிடாது.

— நீ எதுக்கு சுதா இந்தத் தூக்கையும் தூக்கிக்கினு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்த? நான்தான் அடுத்த பஸ் புடிச்சி சித்தாமூருக்கே வந்திருப்பேன்ல?

— நீ ஊடு வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும். இருட்டினப்பறம் ஒரு வாய் தண்ணி குடிப்பியா நீ? மெட்ராசுல காலைல இன்னா சாப்ட?

— ரெண்டு வாழப்பழம்.

— அதான் சொல்றேன். இந்தா, மோர்ச்சோறு. பூசணிக்கா கூட்டு அடித்தட்டுல இருக்குது. அந்த சிமிட்டி பெஞ்சில ஒக்காரு.

— கொஞ்சம் வெச்சிரு. சுதா, போர்டுல லிஸ்ட ஒட்டிட்டாங்க. நின்னு நல்லாப் பாத்தேன்.

— ம்.

— பேரு இல்ல பாப்பா.

— ம்.

— இன்னா, ம், ம்னு? டாக்டருக்குப் படிக்கணும்னு ரெண்டு வருசம் வெளக்கணைக்காம ஒக்காந்திருந்தவ நீ. அழுவறதுன்னா அழுதுடு. யாரும் பாக்க மாட்டாங்க, எல்லாம் பஸ்சுக்கு அலையுற கும்பலு.

— அழுவ வரல. கடைசி மார்க்கு எவ்ளோ போட்டிருந்தான்?

— எரநூத்தி அறுவத்தெட்டே முக்காலு. பிளஸ் டூ மார்க்கும் என்ட்ரன்சு மார்க்கும் சேத்து முந்நூறுக்கு. உனக்கு அறுவத்தெட்டே காலு. அரை மார்க்கு சுதா. அரையே அரை மார்க்குல போச்சு.

— அரை மார்க்கு.

— ஆமா. பக்கத்துல அவலூர்பேட்டைக்காரரு ஒருத்தரு. அவரு பையன் பேரும் இல்ல. அந்த மனுசன் போர்டுலயே தலைய முட்டுக்குடுத்து நின்னுட்டாரு. நான்தான் கையப் புடிச்சி இட்டும்போயி சோடா வாங்கிக் குடுத்தேன்.

— உனக்கு யாரு வாங்கிக் குடுத்தது?

— எனக்கு இன்னாத்துக்கு? நான் நல்லாத்தான இருந்தேன். ஏன் அப்டிப் பாக்கற?

— ஒண்ணுமில்ல. சாப்டு.

— அந்த அரை மார்க்கு எங்க போச்சின்னு தெரிதா உனக்கு? தவளைல போச்சு. பிராக்டிகல்ல தவளைய அறுக்க மாட்டேன்னு ஒதுங்கி நின்ன பாரு, அங்க போச்சு. பஸ்சுல வர்றப்ப அதையே நெனச்சிக்கினு வந்தேன். ஒரு சீட்டு போச்சு, ஒரு உயிரு பொழச்சுது. ஆவட்டும். மடத்துல அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் உன்ன நிக்க வெச்சி, ‘அப்பாண்டைராசு பொண்ணப் பாருங்க, மார்க்கு போனாலும் பரவால்லன்னு உயிர வதைக்காத பொண்ணு’ன்னு சொன்னாங்களே, அந்தப் பேரு எந்தக் காலேசுல கெடைக்கும்?

— அன்னிக்கு நான் தலயக் குனிஞ்சிக்கினு நின்னேன். பாத்தியா?

— பாத்தேன். அடக்கம்.

— அடக்கம் இல்ல நைனா. நான் அறுத்தேன்.

— இன்னாத்த?

— தவளையத்தான்.

— சும்மா சொல்லாத. நான்தான் உங்க டீச்சரம்மாவப் பாத்து, நாங்க நயினாருங்க, சமணருங்க, எங்க பொண்ணுக்கு அது ஆவாது, உட்டுடுங்கன்னு கும்பிட்டு சொல்லிட்டு வந்தேனே?

— அவங்க உட்டாங்க. வேணாம்னா போயி ஒக்காரு, மார்க்குதான் போவும்னாங்க. மத்தப் பொண்ணுங்க ஜோடி ஜோடியா நின்னாங்க. என்ன யாரும் சேத்துக்கல. இது இன்னாத்த அறுக்கப்போவுது, பயந்து நம்மளயும் கெடுத்துடும்னு சிரிச்சாங்க. கடைசி மேசைல ஒண்டியா நின்னு, பஞ்ச மந்திரத்த சொல்லிக்கினே அறுத்தேன். தொறந்தப்பறமும் அது நெஞ்சு துடிச்சிக்கினே இருந்துச்சு. எவ்ளோ நேரம்ன்ற! அம்மாவுக்கு நெஞ்சு நின்னுப்போனப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாம கால கால தேச்சிக்கினு இருந்தோமே, அதான் ஞாபகம் வந்துச்சு. அழுதுக்கினே படம் போட்டுக் குடுத்தேன்.

— ஆறு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சுதா.

— அறுக்கலன்னு நான் ஒரு நாளாச்சும் சொன்னேனா? நீயா நெனச்சிக்கின, நீயா போயி மடத்துல சொல்லிட்டு வந்த. ஊரே என்னத் தூக்கி தேர்ல ஒக்கார வெச்சுட்டுது. எறங்கறதுக்கு வழி தெரியல. ராத்திரில கையக் கையப் பாத்துக்கினு படுத்திருப்பேன். யாருகிட்ட போயி சொல்றது? உன்ன உட்டா எனக்கு யாரு இருக்கா? உங்கிட்டயே சொல்ல முடியாதுன்னு ஆனப்பறம், ஊட்ல ரெண்டு பேரு இருந்தும் நான் ஒண்டிதான்.

— அந்தக் கையாலதான் இந்தச் சோத்தப் பெசஞ்சியா?

— ஆமா. வேணாம்னா சொல்லு, மூடி வெச்சிடறேன்.

— வேணாம்னா சொன்னேன்? அஞ்சு விரதம்னு உங்கம்மா உனக்கு விரல மடக்கி மடக்கி சொல்லிக் குடுத்தா. மொத விரதமே கொல்லாம. அதையே ஒடச்சிட்டியேடி பாப்பா.

— ஒடச்சேன். ரெண்டாவது இன்னா நைனா?

— பொய் சொல்லாம. ஏன், அது உனக்குத் தெரியாதா?

— தெரியும். சும்மா கேட்டேன். பிராக்டிகல்ல எனக்கு அம்பதுக்கு அம்பது. அப்ப அந்த அரை மார்க்கு தவளைல போவல.

— அப்ப வேற எங்கனா போயிருக்கும். பிசிக்ஸ்ல போயிருக்கும். எனக்கு இன்னா தெரியும்? நான் மல்லாட்ட வெவசாயம் பண்றவன்.

— மெட்ராசுல வேற இன்னா பாத்த?

— பாக்கக் கூடாததெல்லாம் பாத்தேன். காலேசுல ஒரு ஜன்னலு தொறந்திருந்துச்சு. உள்ள மேசமேல செத்த மனுசன நீட்டிப் போட்டு வெச்சிருக்காங்க சுதா. சுத்தி உன் வயசுப் பொண்ணுங்க நிக்குதுங்க. அஞ்சரை வருசமாம். ஆஸ்டல்லயே இருக்கணுமாம், பொங்கலு தீவாளிக்கு உட்டாதான் உண்டாம். படிச்சி முடிச்சா எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவாங்கன்னே தெரியாதாம்.

— ஆஸ்டலப் பத்தி யாரக் கேட்ட?

— வாட்ச்மேன கேட்டேன்.

— பேருதான் இல்லியே, அப்பறம் எதுக்கு நைனா ஆஸ்டலு?

— அது… சும்மா. வாயி சும்மா இருக்காம கேட்டேன். அத உடு. திண்டிவனத்துல பி.எஸ்சி. பாட்டனி சேந்துடு. செடி கொடிதான், யாருக்கும் வலிக்காது. தெனம் பஸ்சுல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். அப்பறம் இன்னொண்ணு, நாளைலேர்ந்து தபாலுக்குன்னு வாசல்ல போயி நிக்காத. தனகோட்டிகிட்ட சொல்லிடறேன், எது வந்தாலும் எங்கையில குடுக்கச் சொல்லி.

— பொழுது எறங்கிடுச்சி நைனா. நீ ஒரு வாய் கூட வெக்கல.

— பசிக்கல.

— ரெண்டு வாழப்பழத்தோட பசிக்கலியா?

— உள்ள எறங்க மாட்டன்னுது சுதா, இன்னா பண்ணச் சொல்ற? உங்கம்மா போனப்பறம் நீ ஸ்கூல்லேர்ந்து வர்ற பஸ்சு லேட்டாச்சின்னா நான் தட்டு முன்னாடியே ஒக்காந்திருப்பேன். பொழுது போயிடும், தட்ட கவுத்து வெச்சிட்டுப் படுத்துடுவேன். நீ வந்து கேட்டா, சாப்டேன்னு சொல்லிடுவேன். ஒண்டியா ஒக்காந்து சாப்ட எனக்கு வரல. அஞ்சரை வருசம் நான் யாரு மூஞ்சியப் பாத்து சாப்டுவேன்? சரி, அதான் சீட்டே இல்லன்னு ஆயிடுச்சே, இனிமே அந்தப் பேச்சு எதுக்கு? எழுந்திரு, பஸ்சு வந்துடும்.

— நேத்து நீ மெட்ராசுக்குக் கெளம்பிப் போன ஒரு மணி நேரத்துல தனகோட்டி வந்து லெட்டரக் குடுத்துட்டுப் போயிட்டாரு நைனா, செங்கல்பட்டு மெடிக்கல் காலேசுல சீட்டு, திங்கக்கெழம சேரணும். அத உன் வாயால கேக்கணும்னுதான் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருக்கறேன்.