அசல் அட்டை அறையைவிட்டு வெளியே வராது

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அயராது கற்பித்த ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் முகமலர்ந்து வீற்றிருக்கும் பெரியோர்களே, மடியில் குழந்தையும் மனத்தில் கனவுமாக வந்திருக்கும் தாய்மார்களே, ஆய்வுக்கூடப் பயிற்சி முடித்து இன்று சான்றிதழ் பெறும் செல்வங்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பள்ளியைப் பாதியில் விட்டு, உலை கொதிக்கும் நேரத்தில் பிள்ளைகளின் பாடநூலைப் படித்துத் தேறியவள் நான். எனக்கு எதற்கு மேடை? என் நாத்தனாருக்காக.

சட்டை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தவள் அவள். செல்லைப் பற்றிய வாய்மொழித் தேர்வில் ஒருமுறை தவறினாள். மறுமுறையும் தவறினால் படிப்பு அதோடு சரி. தேர்வுக்கு முதல் நாள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, மண்டையில ஏறவே மாட்டேங்குது. டி.என்.ஏ. உட்கருவுக்குள்ளயே இருக்குமாம், நகல்தான் வெளிய போகுமாம். நேரா அதையே அனுப்பினா என்ன குறைஞ்சு போகுது?"

"உங்க கட்டிங் மாஸ்டர், துணி வெட்ட அளவு பாக்குற அசல் அட்டையை அறையைவிட்டு வெளிய குடுப்பாரா?"

"அந்த மனுஷன் உயிரைக் குடுப்பாரு, அட்டையைக் குடுக்கமாட்டாரு" என்றவள் சிரித்துவிட்டாள்.

அந்தக் கதையை எங்கள் வீடே அறியும். மாஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில், அவசரம் என்று காலரின் அளவு அட்டையை இவளே மேசைக்கு எடுத்துப்போனாள். இஸ்திரிப்பெட்டி பட்டு அட்டையின் ஓரம் கருகியது. கருகலை நறுக்கிவிட்டு அதிலேயே நகல் எடுத்தார்கள். பிறகு வந்த சட்டைகளில் எல்லாம் காலர் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. முதலாளியே ஒன்றைப் போட்டுக்கொண்டு கழுத்தைச் சாய்த்து நடந்தார். சிரிக்காதீர்கள் அம்மா, அவர் பின்வரிசையில்தான் இருக்கிறார்.

"அப்ப நகலைப் பாத்துத் தைக்கிறவங்க யாரு?" என்றேன்.

"ரைபோசோம். ஜெனரேட்டர் மைட்டோகாண்ட்ரியா. கட்டி, பேரெழுதி அனுப்புற பேக்கிங் அக்கா கோல்கை. வீணாப்போன துணியைப் பிரிச்சு மறுபடி பஞ்சாக்குறவரு லைசோசோம். யாரை உள்ள விடணும்னு பாக்குற வாட்ச்மேன் செல் சவ்வு. ஆனா அவரு தூங்குவாரே, அண்ணி?"

"சவ்வு தூங்காது. அதை அங்க போய் உளறி வைக்காத."

மறுநாள் தேர்வாளர் அம்மையார் கேட்டதும் அதே கேள்விதான்: டி.என்.ஏ. ஏன் உட்கருவைவிட்டு வெளியே வருவதில்லை?

பதற்றத்தில் இவள், "இஸ்திரிப்பெட்டி பட்டுடும் மேடம்" என்றாளாம்.

"எந்த இஸ்திரிப்பெட்டி?"

இனி மறைக்க முடியாது. காலர் கதையைச் சொன்னாள். "நகல் கெட்டா சில சட்டைதான் கெடும். அசல் கெட்டா, அதுக்கப்புறம் எடுக்குற ஒவ்வொரு நகலும் கெடும். அதனாலதான் அதைப் பத்திரமா உள்ளயே வெச்சிருக்கு மேடம்." அம்மையார் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டார்.

பெரியோர்களே, ஊசிமுனையினும் சிறிய அறைக்குள் இத்தனை ஒழுங்கை வைத்தவன் யார்? அந்தச் செல் நாம் உண்ணும்போதும் உழைக்கிறது, உறங்கும்போதும் உழைக்கிறது, அவனை மறந்து ஊர்வம்பு பேசும்போதும் உழைக்கிறது. வீட்டு வரவு செலவில் நான் ஒரு காசைக்கூட விடமாட்டேன் என்று என்னைச் சொல்வார்கள். ஆண்டவன் கணக்கின் முன் அது எம்மாத்திரம்? ஒரு செல்லையும் அவன் சின்னது என்று தள்ளவில்லை. நாற்பது வயதில் புத்தகம் எடுத்த பெண்ணைப் பார்த்து, "இனிமே படிச்சு என்ன பண்ணப்போற?" என்று கேட்க நாம் யார்?

திங்கட்கிழமை முதல் என் நாத்தனார் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி முன் அமர்கிறாள். உங்கள் இரத்தத் துளி அவள் கண்ணுக்கு வரும். அச்சமின்றிக் கையை நீட்டுங்கள்.

செவிகொடுத்த உங்களுக்கும், உங்களுக்குள் ஓயாது உழைக்கும் கோடானுகோடிச் செல்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.