இரைச்சல் இல்லாத நாற்பது நிமிடம்

பாட்டு கேட்க ப்ரீஆம்ப் என்கிற ஒலிப்பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான் சார்: அவசரப்படாதீர்கள். நானே ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இதில் இரண்டு ரகம். பாஸிவ் ரகத்துக்கு மின்சாரமே வேண்டாம்; வருகிற ஒலியைக் கூட்டாமல் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆக்டிவ் ரகம் ஒலிக்குத் தெம்பூட்டி அனுப்பும். இரைச்சல் இருந்தால் அதற்கும் சேர்த்து ஊட்டும். முதலில் பாஸிவ்தான் வாங்கினேன். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். ஆனால் பத்தியச் சாப்பாடு மாதிரி, பாட்டில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை.

பக்கத்து அறையிலிருந்து அண்ணன் சிரிப்பார். நுரையீரல் கெட்டு, மூன்று வருடமாக ஆக்சிஜன் கருவியோடு படுத்திருந்தவர். "டேய், நீ பாட்டக் கேக்குறியா, பெட்டியக் கேக்குறியா?" என்பார். நல்ல மனுஷர். என்னைப் படிக்க வைத்தவரே அவர்தான். அதை நான் மறைக்கவில்லை.

பிறகு ஆக்டிவ் வாங்கினேன். வயலின் அறைக்குள் எழுந்து நின்றது. கூடவே அடியில் 'உம்' என்று ஒரு முனகல். ஒயரை மாற்றினேன், பெட்டியை நகர்த்தினேன், ம்ஹூம். கடைக்காரர் வீட்டுக்கே வந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"பெட்டி தங்கம் சார். இதே லைன்ல வேற ஏதோ மோட்டார் ஓடுது."

அது ஆக்சிஜன் கருவி.

பாஸிவுக்கே திரும்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். ருசி கண்ட காது கேட்காது சார். கருவிக்குத் தனி லைன் இழுக்கலாம் என்றும் கடைக்காரர் சொன்னார். சுவரை உடைக்க வேண்டும், தூசி பறக்கும். அண்ணனுக்குத் தூசி ஆகவே ஆகாது. அவர் உடம்பையும் நான்தானே பார்க்க வேண்டும்?

ஞாயிறு காலையில் அண்ணி காய்கறி வாங்கப் போவார். அண்ணன் அறைக்கான சுவிட்ச் கூடத்தில் இருக்கிறது. முதல் வாரம் ஐந்தே நிமிடம் அணைத்தேன்.

"கரண்ட் போச்சாடா?"

"ஆமாண்ணா. இப்ப வந்துடும்."

"பாட்டு மட்டும் ஓடுதே?"

"அது பேட்டரிண்ணா."

"சரி சரி, நீ கேளு."

அடுத்த வாரம் பத்து நிமிடம். உதடு கொஞ்சம் நீலம் பாரித்தது, பிறகு தெளிந்துவிட்டது. பரவாயில்லை, தாங்குகிறார் என்று தெரிந்துகொண்டேன். மின்சாரம் போனால் கருவி கீச்சிடும். கதவைச் சாத்தினால் அந்தத் தொல்லையும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு முழு இசைத்தட்டையும் வைத்தேன். பக்கத்துக்கு இருபது நிமிடம். முதல் பக்கம் பாதி ஓடுவதற்குள் அண்ணன் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். தாளத்தோடு சேராமல், ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும். இரண்டாம் பக்கத்தில் தட்டுவது நின்றுவிட்டது.

அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்ததாக நேற்று வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். சுவிட்ச் நாலே எட்டு தூரத்தில்தான். அண்ணி வர இன்னும் நேரமிருந்தது. முதல் பக்கத்தை அந்தத் தட்டல் கெடுத்துவிட்டதே என்று, தட்டைத் திருப்பி முதலிலிருந்து வைத்தேன்.