கண்காட்சியில் தொங்கிய வலை

ஜனவரி இருபத்து நான்கு, சனிக்கிழமை, மாலை ஐந்து நாற்பது. கும்மிடிப்பூண்டி ரயில் ராயபுரத்தைத் தாண்டியபோது, எதிர் இருக்கையிலிருந்த மீனவர் தம் நண்பரிடம் சொன்னார்:

“கிழிஞ்ச வலைய வேணும்னே மாட்டி வச்சிருப்பாங்கன்னு எனக்கு இன்னா மச்சான் தெரியும்?”

“அதுக்கு நீ இன்னா பண்ண?”

“இடுப்புல ஊசி நூல் இருந்துச்சு. கை சும்மா இருக்கல. கிழிசல முடிஞ்சு அடச்சிட்டேன்.”

“எழும்பூர் கண்காட்சில குந்திகினா? வேடிக்கை பாக்கப் போய் வேலை செஞ்சுட்டு வந்த மொத ஆளு நீதான் நைனா!”

“சிரிக்காத. அது கலைப்பொருளாம். வாட்ச்மேன் ஓடியாந்து கத்துறான். வர்றவங்களுக்கு வெளக்கம் சொல்ற வேலைல எம்பொண்ணு அங்கதான கீது? ஆசையா அதுதான் வந்து பாருன்னு கூப்ட்டுச்சு. ‘இந்தாளு யாரு?’ன்னு அதாண்டயே கேட்டாங்க.”

“இன்னா சொல்லிச்சு?”

“தெரியாதுன்னுச்சு.”

நண்பர் சிரிப்பை நிறுத்தினார்.

“நானும் தெரியாத மாதிரியே வந்துட்டேன். இப்ப வூட்டுக்கு வரும். அது மொகத்த எப்டி மச்சான் பாக்கறது?”

திருவொற்றியூரில் இருவரும் இறங்கினர்.

மறுநாள் காலை அந்தக் கண்காட்சிக்குச் சென்றேன். வலையின் முன்னே, கழுத்தில் அடையாள அட்டை அணிந்த ஓர் இளம்பெண், பார்வையாளர்களுக்கு முதுகு காட்டியபடி, புது நூலை ஒவ்வொரு முடிச்சாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.